தமிழ்ப் பெயரை அளக்கத் தெரியாத தரவுத்தளம்

தருமபுரி மாவட்டத்து ஏரியூரை எழுத நமக்கு நான்கு எழுத்து போதும். கணினிகளின் பொது எழுத்துத் தரமான யூனிகோடுக்கு அது ஏழு குறியீடு: ஏ, ர, இகரக் குறி, ய, ஊகாரக் குறி, ர, புள்ளி. இணையத்தில் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 21 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் ஆறே பைட்.

ஊர்ப்பெயருக்கு 20 பைட் ஒதுக்கிய இடத்தில் இந்தப் பெயர் நுழையாது. ஆரக்கிள் தரவுத்தளம், வேறு உத்தரவு இல்லாவிட்டால், பைட்டில் அளந்து பதிவை மறுத்துவிடும். வாலை நறுக்கிச் சேமிக்கும் மென்பொருளில் புள்ளி சிதைந்து, ‘ஏரியூர’ என்பதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி நிற்கும்.

தமிழ் அதிக இடம் பிடிக்கிறது என்பது பழைய குறை. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்16 முறையில் ஏரியூர் எட்டே பைட். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடு, டேஸ்16 இரண்டையும் தரமாக அறிவித்தது. ஆனால் கைப்பேசியும் தேடுபொறியும் யூனிகோடையே அறியும்.

இன்று இடம் பெரிய வாதமும் அல்ல. யுடிஎஃப்-8 தமிழில் குறியீட்டின் முதல் பைட் மாறுவதே இல்லை. இரண்டாவது, இரண்டே மதிப்புகளில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் ஜிஜிப் போன்ற முறைகளின் வேலை. அனுப்பும்போது உபரியில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆனால் சேமிக்கும் இடத்தின் அளவைத் தப்பாகப் போட்டிருந்தால் எந்தச் சுருக்கமும் காப்பாற்றாது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ‘தொப்பூர்’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் சேமிக்கும் முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவராத மென்பொருளில் தேடினால், இருக்கும் ஊரே ‘இல்லை’ என்று வரும். ஒரு பட்டியலில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் ஏறிய பெயருக்கு உரியவர்தான் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று அலைக்கழிக்கப்படுவார். பிழை அவருடையது அல்ல.

தரத்தை அறிவித்தால் மட்டும் போதாது. அரசின் மென்பொருள் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளிலும் அது ஏற வேண்டும். கோப்புப் பரிமாற்றம் யுடிஎஃப்-8இல் மட்டும். பெயர்களுக்கு ஒரே வடிவம். நீளத்தைப் பைட்டில் அளக்கக் கூடாது. மாவட்டத்தின் எல்லா ஊர்ப்பெயர்களையும் ஏற்றி, தேடி, வேறொரு கணினிக்கு அனுப்பித் திரும்பப் பெற்று, ஒரு புள்ளியும் குறையாமல் வந்த பிறகே மென்பொருள் நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும்.