மழை விட்ட பத்தாம் நாள்



ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் நெய்வேலியில் கொசுப் பேச்சு தொடங்கிவிடும். ஆனால், கொட்டித் தீர்க்கும் மழை கொசுப்புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். நாம் விழித்திருக்க வேண்டியது மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் அடுத்த இரண்டு வாரங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். கொசுவின் உடலுக்குள் டெங்கு வைரஸ் பெருகிப் பிறருக்குத் தொற்ற, 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 12 நாள் ஆகும். கார்த்திகை மாதத்தில் நம் ஊர் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிள்ளைகள் படிக்கும் நேரமும் அதுவே.

கத்திரி வெயிலில் கொசு குறையும், முட்டை சாகாது. பள்ளி வராந்தாவில் இருக்கும் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை முட்டைகளாக இருக்கலாம். காய்ந்த நிலையிலேயே பல மாதம் தாங்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு மழை நனைத்தால் பொரிந்துவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

ஏடிஸ் பகலில் கடிக்கும். பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. வகுப்பறையில் கடிக்கும் கொசு பள்ளி வளாகத்திலோ, அடுத்த குவார்ட்டர்ஸ் தோட்டத்திலோ பிறந்ததுதான். டவுன்ஷிப்பின் அடர்ந்த மரநிழல் நமக்கு எவ்வளவு இதமோ, அவ்வளவு இதம் அதற்கும்.

இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கதை வேறு. அதன் ஒரு வகை நெல்வயலில் பெருகி, மூளைக்காய்ச்சலைப் பரப்புகிறது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அறியப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில். பின்னாளில் மதுரையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். மையம் நம் விருத்தாசலத்திலேயே கள நிலையம் அமைத்து இந்தக் கொசுவை ஆராய்ந்தது. நம் சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரி வழியாக வயல்களுக்குப் பாய்கிறது. சோறு போடும் அந்த வயலை வற்றவைக்க முடியாது; தடுப்பூசியும் கொசுவலையும்தான் காப்பு.

பள்ளிக்குள் பிறக்கும் கொசுவைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆவதால், வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவினால் சங்கிலி அறுந்துவிடும். வெள்ளிக்கிழமை கடைசி மணியை அதற்கு ஒதுக்குங்கள் என்று தலைமை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மாணவர்களே, மழை பெய்த தேதியையும், புழு நெளிந்த இடத்தையும் ஒரு நோட்டில் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். தை இதழில் உங்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்