செம்மரமும் பறிமுதல் மகஜரும்
செம்மரம் இயற்கையாக வளர்வது பெரும்பாலும் ஆந்திரத்தின் சேஷாசலம் காடுகளிலும் அதையொட்டிய மலைகளிலும்தான். அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின், 1995 முதல், இரண்டாம் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது; காட்டில் வெட்டியதை இந்தியாவிலிருந்து கட்டையாக ஏற்றுமதி செய்யவும் தடை உண்டு. ஆனாலும் வேறு சரக்கின் பெயரில் கன்டெய்னரில் ஏறி, சென்னைத் துறைமுகம் வரை வந்து சிக்குவது வாடிக்கை. இப்படிச் சிக்கிய பின் தொடரும் வழக்குகளின் தலையெழுத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது, சரக்கைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் பறிமுதல் மகஜர் என்ற சில பக்கக் காகிதம். கட்டைகளின் எண்ணிக்கை, நீளம், சுற்றளவு, எடை, முத்திரைக் குறி, சாட்சிகளின் கையெழுத்து ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். பிடிபட்டது செம்மரம்தான் என்பதற்கு மர நிபுணரின் சான்றும் வேண்டும். வனத்துறைக்குச் சட்ட ஆலோசகரின் தேவை எழுவது இங்கேதான். அடுத்த கட்டம் பணத்தின் தடம்: சுங்கச் சட்டமும் சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால்தான் விசாரணை மரம்வெட்டியைத் தாண்டி ஏற்றுமதியாளர்வரை போகும். இல்லையென்றால் விலை கொடுப்பது கூலியாட்கள் மட்டும்தான்: 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குப் போனவர்கள். முதலாளியைக் கூண்டில் ஏற்றாத வழக்கு கடத்தலை நிறுத்தாது.