தூக்குமேடை ஏறுகிறவர்கள் யார்?

2019 மார்ச் மாதத்தில் சுப்ரீம் கோர்ட் அளித்த ஒரு தீர்ப்பை நாட்டு மக்கள் மறந்துவிடக் கூடாது. மகாராஷ்டிரத்தில் நடந்த கொடிய கொலை வழக்கு ஒன்றில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஆறு பேரும் நிரபராதிகள் என்று கோர்ட் அன்று கூறியது. ஆறு பேரும் நாடோடி இனத்தைச் சேர்ந்த ஏழைகள். பதினாறு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர்கள். இவர்களில் மூவரின் தண்டனையை பம்பாய் ஐகோர்ட் ஆயுளாகக் குறைத்திருந்தது. 2009-இல் சுப்ரீம் கோர்ட் அதையும் ரத்து செய்து, ஆறு பேரையும் தூக்கிலிடும்படி தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே கோர்ட் அவர்களை விடுதலை செய்து, தலைக்கு ரூ. 5 லட்சம் நஷ்டஈடு கொடுக்கும்படி மாநில சர்க்காருக்கு உத்தரவிட்டது.

இடையில் தூக்குக் கயிறு முந்திக்கொண்டிருந்தால்? அந்த நஷ்டஈட்டை யார் கையில் கொடுத்திருப்பார்கள்?

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்பதைச் சட்ட நிபுணர்கள் தங்களுக்குள் பேசி முடிக்கும் விஷயமாக நாம் கருதவில்லை. சர்க்காரின் கையில் மனித உயிரைப் பறிக்கும் அதிகாரம் இருக்கலாமா, அந்த அதிகாரம் யார்மீது பாய்கிறது என்பது உழைக்கும் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி.

தூக்கு வேண்டும் என்பவர்களின் வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பச்சிளங் குழந்தையைச் சிதைத்துக் கொன்றவனைச் சிறையில் வைத்துச் சோறு போடுவதா என்று கேட்கிறார்கள். மகளைப் பறிகொடுத்த தாயின் கண்ணீருக்கு என்ன பதில் என்று கேட்கிறார்கள். தூக்குப் பயம் இல்லாவிட்டால் கொலைகள் பெருகிவிடும் என்கிறார்கள். இந்த ஆத்திரம் நியாயமானது. அந்தத் தாயின் துயரத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் ஆத்திரம் நியாயமானது என்பதாலேயே அதற்குச் சொல்லப்படும் பரிகாரமும் நியாயமாகிவிடுமா?

முதலில் பயம் என்ற வாதத்தைப் பார்ப்போம். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையை ஒழித்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அதில் அடங்கியிருந்தது. தூக்கு இல்லாதிருந்த 1945 முதல் 1950 வரை அங்கே நடந்த கொலைகள் 962. தூக்கு மறுபடியும் வந்த பின், 1950 முதல் 1955 வரை நடந்தவை 967. தூக்குமரம் திரும்பி வந்து எந்தக் கொலையைத் தடுத்தது? 1976-இல் கனடா தூக்கை ஒழித்தது. அங்கும் கொலைகள் பெருகவில்லை, காலப்போக்கில் குறைந்தன.

ஆயினும் மக்களின் கோபம் கொதிக்கும்போதெல்லாம் சர்க்கார்கள் செய்வது என்ன? தூக்குத் தண்டனைக்கு இன்னொரு ஷரத்து சேர்ப்பதுதான். 2018-லும் 2019-லும் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குத் தூக்கு என்று சட்டம் திருத்தப்பட்டது. 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தூக்குக்குரிய குற்றங்களின் பட்டியலை மேலும் நீட்டியது. ஷரத்து சேர்ப்பதற்குச் செலவில்லை. போலீஸ் விசாரணையைச் சீர்படுத்தவும், கோர்ட்டுகளுக்குப் போதிய நீதிபதிகளை நியமிக்கவும்தான் பணமும் மனமும் வேண்டும். குழந்தையைக் கெடுத்தவன் பெரும்பாலும் அண்டை வீட்டான், உறவினன், தெரிந்தவன். தூக்கு என்றால் குடும்பமே புகார் கொடுக்கத் தயங்கும். உயிரோடு விட்டாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், சாட்சி சொல்லக்கூடிய குழந்தையை அவன் உயிரோடு விடுவானா?

அடுத்தது, நீதி என்ற வாதம். 1955 வரை கொலைக் குற்றத்துக்குத் தூக்கு கொடுக்காத நீதிபதிதான் காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைத் தலைகீழாக மாற்றி, தூக்கு கொடுப்பவர்தான் விசேஷக் காரணம் காட்ட வேண்டும் என்றது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில், அரிதிலும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று சுப்ரீம் கோர்ட் வரம்பு கட்டியது. ஆனால் எது அரிது என்று அளக்க ஏது படி? உத்தரப் பிரதேசத்தில் ஒரே குற்றத்துக்காக மூவர் தூக்குத் தண்டனை பெற்றனர். ஒருவரின் தண்டனையை சுப்ரீம் கோர்ட் ஆயுளாகக் குறைத்தது. ஒருவர் 1981-இல் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் கடைசி நேரத்தில் தடை உத்தரவு பெற்று உயிர் தப்பினார். குற்றம் ஒன்று, தண்டனை ஒன்று, முடிவு மூன்று! இது நீதியா, லாட்டரிச் சீட்டா?

2012-இல் ஓய்வு பெற்ற நீதிபதிகள் பதினான்கு பேர் ஜனாதிபதிக்கு எழுதினார்கள். சட்டத்துக்கு முரணான தீர்ப்புகளால் பதின்மூன்று பேருக்குத் தவறாகத் தூக்கு விதிக்கப்பட்டிருக்கிறது, இதே தவறால் இருவர் 1996-லும் 1997-லும் ஏற்கெனவே தூக்கிலிடப்பட்டுவிட்டனர் என்று அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அந்த இருவரை எந்த மறு விசாரணை திருப்பிக் கொண்டுவரும்?

இந்த லாட்டரியில் சீட்டு விழுவது யாருக்கு? டில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அது சந்தித்த மரண தண்டனைக் கைதிகளில் நூற்றுக்கு 74 பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மை மக்கள். பணக்காரன் கொலை செய்வதில்லையா? செய்கிறான். ஆனால் கைதான அன்றே அவனுக்குப் பெரிய வக்கீல் வந்து நிற்கிறார். ஏழைக்கோ, கேஸ் கட்டைப் படிக்கவே நேரமில்லாத ஒரு வக்கீல் கிடைத்தால் பாக்கியம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய இடமான செஷன்ஸ் கோர்ட்டிலேயே அவன் கழுத்தில் கயிறு விழுந்துவிடுகிறது.

2015-இல் சட்டக் கமிஷன் மரண தண்டனையை ஒழிக்கச் சிபாரிசு செய்தது. ஆனால் பயங்கரவாதத்துக்கும் அரசுக்கு எதிரான யுத்தத்துக்கும் விலக்கு வைத்தது. இந்த விலக்கை நாம் ஏற்பதற்கில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999-இல் சுப்ரீம் கோர்ட்டில் நால்வருக்கு மட்டுமே அது நிலைத்தது. பத்தொன்பது பேர் விடுதலையானார்கள். அந்த நால்வரின் தூக்கும் பின்னர் ஆயுளாகக் குறைந்தது. நாடே கொதித்து நிற்கும் வழக்கில்தான் கோர்ட் அதிகம் தவறக்கூடும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

'அரசுக்கு எதிரான யுத்தம்' என்ற சொல்லின் வரலாறும் நமக்குத் தெரியும். பகத்சிங்கும் தோழர்களும் 1931 மார்ச் 23-இல் தூக்கிலேறியது அந்தக் குற்றச்சாட்டின் பேரில்தான். கையூர் விவசாயிகள் நால்வரை 1943-இல் கண்ணூர்ச் சிறையிலும், சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நால்வரை 1946-இல் கோவைச் சிறையிலும் வெள்ளையன் சர்க்கார் கொலை வழக்கின் பேரில் தூக்கிலிட்டது. பகத்சிங் மறைந்த அதே ஆண்டில் உருவான கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானம், மரண தண்டனை கூடாது என்றது. 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கரும் மரண தண்டனையை ஒழிப்பதையே தாம் ஆதரிப்பதாகச் சொன்னார். வெள்ளையன் போனான், அவன் நட்ட தூக்குமரம் நின்றது.

தூக்கு வேண்டாம் என்றால் கொலைகாரனை அவிழ்த்து விடு என்று பொருளல்ல. சமூகத்துக்கு ஆபத்தானவனை ஆயுள் முழுதும்கூடச் சிறையில் வைக்கலாம். அதில் தவறு நேர்ந்தால் கதவைத் திறக்கவாவது வழி உண்டு. பறிகொடுத்த குடும்பத்துக்கு இன்று கிடைப்பது என்ன? அப்பீல் மேல் அப்பீலாக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது. கடைசியில் ஒரு பிணம். அடுப்பு எரிய அது உதவுமா?

100-க்கும் மேற்பட்ட நாடுகள் மரண தண்டனையை அடியோடு ஒழித்துவிட்டன. அமெரிக்கா, சீனா உள்ளிட்ட நாடுகள் அதை இன்னும் விடவில்லை. யார் வைத்திருந்தாலும் இது வைத்திருக்கத் தக்கதல்ல என்பதே நமது கருத்து.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

மரண தண்டனையை எல்லாச் சட்டங்களிலிருந்தும் அகற்ற வேண்டும்.

அதுவரை எந்தத் தூக்கையும் நிறைவேற்றாமல், விதிக்கப்பட்டவற்றை ஆயுளாகக் குறைக்க வேண்டும்.

ஏழை எதிரிக்குக் கைதான நாள் முதலே, சர்க்கார் செலவில், அனுபவமுள்ள வக்கீலை அமர்த்த வேண்டும்.

கொலையுண்டவர் குடும்பத்துக்குத் தாமதமின்றி நஷ்டஈடும், பிள்ளைகளின் படிப்புக்கு உத்தரவாதமும் வழங்க வேண்டும்.

தொழிற்சங்கங்களும் விவசாயிகள், மாதர், வாலிபர் சங்கங்களும், ஜனநாயக எண்ணம் படைத்த வக்கீல்களும் இக்கோரிக்கைகளை ஊர்தோறும் எடுத்துச் சொல்ல முன்வர வேண்டும். அந்த ஆறு பேர் உயிரோடு வீடு திரும்பியது சட்டத்தின் சிறப்பால் அல்ல, கயிறு தாமதித்ததால். ஏழையின் உயிர் தாமதத்தை நம்பி இருக்கும் நிலை ஒழிய வேண்டும்!