எப்போது முடியும் என்று கேட்காதீர்கள்!

பிள்ளை முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்துவிட்டால் நம் வீடுகளில் பெருமைக்குக் குறைவில்லை. அடுத்த மாதமே கேள்விகளும் தொடங்கிவிடும். "எப்போது முடியும்? எத்தனை கட்டுரை வந்தது?" விழாவுக்கு விழா, தொலைபேசிக்குத் தொலைபேசி இதே விசாரிப்புதான்.

தமிழக எல்லையை ஒட்டிய வரதய்யபாளையம் வட்டாரத்தையே பாருங்கள். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பகுதி. அங்கு எழுந்த ஸ்ரீசிட்டியில் 2013-இல் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும், 2018-இல் கிரியா பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டன. திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954 முதலே இருக்கிறது. 2015-இல் ஐ.ஐ.டி.யும் வந்தது. கல்விக்கூடங்கள் பெருகுவது மகிழ்ச்சியே. ஆனால் அங்கு செல்லும் பிள்ளையின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

பன்னிரண்டாம் வகுப்பு முதல் முதுகலை வரை, விடை தெரிந்த கேள்விகளுக்கே பதில் எழுதி முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை அது. ஆய்விலோ விடை எவருக்கும் தெரியாது. ஆறு மாத உழைப்பு ஒரே நாளில் வீணாகும். நெறியாளர் திருத்தித் திருத்தித் திருப்பித் தருவார். தன்னம்பிக்கை தளர்கிறது, வீட்டில் சொல்ல வெட்கம். குறுக்குவழி கண்ணில் படுவது அப்போதுதான்: ஓர் எண்ணை மாற்றலாம், பிறர் எழுதியதை எடுத்துப் போடலாம், காசு கொடுத்துக் கட்டுரை வெளியிடலாம்.

மாணவர் மட்டுமா தவறுகிறார்? வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட சுமார் எழுபது கட்டுரைகள் திருட்டும் புனைவும் என்று 2008-இல் அம்பலமாகி, உலகமே பேசியது. கட்டுரைகளை எண்ணி மதிப்பிடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டங்கள் வந்தன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிப்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் திருட்டு இருந்தால் பதிவே ரத்து. ஆய்வு நெறி பற்றிய பாடம் 2019-இல் கட்டாயமாயிற்று. ஆய்வேடு அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதியும் 2022-இல் நீங்கியது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் சட்டம் தண்டிக்கும், துணிவைத் தராது.

"ஐயா, நான் எதிர்பார்த்த முடிவு வரவில்லை" என்று நெறியாளர் முன் நின்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். "அம்மா, மதிப்பெண் குறைந்துவிட்டது" என்று அச்சமின்றிச் சொல்ல முடிந்த வீட்டில்தான் அது வளர்கிறது. நேர்மையைப் பல்கலைக்கழகம் கற்றுத் தரட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

"பணமும் காலமும் செலவாகிறதே, கேட்கக் கூடாதா?" என்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள், கேள்வியை மட்டும் மாற்றுங்கள். "இந்த வாரம் என்ன செய்தாய்? எது சரிவரவில்லை?" என்று கேளுங்கள். பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை, காது கொடுங்கள். தூக்கம் கெட்டு, பேச்சுக் குறைந்தால் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். இந்தியாவில் படிக்கும் பிள்ளைக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேச வழி உண்டு. ஆய்வே வேண்டாம் என்று திரும்பினாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு தாமதமாக வரும் பட்டம் குடும்பத்துக்கு இழுக்கல்ல. பொய்யால் வரும் பட்டமே இழுக்கு. பெற்றோர்களே, சிந்திப்போம்!