தோட்டாக் கூடும் டம்ளர் தூசியும்

டம்ளர் என்றால் தமிழ்நாட்டில் காப்பி டம்ளர்தான். அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களிடம் கேட்டால் வேறொன்றைக் காட்டுவார்கள். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் குண்டான், அடியில் ஒரு மோட்டார். சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளை அதில் கொட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டால் போதும். கரி பிடித்துக் கறுத்துப் போனவை நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் போலப் பளபளவென்று வெளியே வரும்.

அந்தப் பளபளப்பு தேவைதானா? அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சுட்ட தோட்டாவைக் கழுவி வைத்து என்ன செய்வார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பறந்து போகும் குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்ற சின்னஞ்சிறு கிண்ணி, மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. சுட்டவுடன் முதல் மூன்றும் செலவாகிவிடும். கூடு மட்டும் முழுதாக மிஞ்சும். நான்கில் பெரும்பாலும் விலை கூடியதும் அதுதான். வணிகவியல் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் மற்றவை மூலப்பொருள், கூடு நிலைச் சொத்து. ஒரு கூட்டைப் பத்து முறை பயன்படுத்தினால் அதன் விலையில் பத்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு தோட்டாவின் கணக்கிலும் ஏறும். தேய்மானம் போடுவது போலத்தான். அதனால்தான் சுடும் இடத்தில் புல்லைத் துழாவித் துழாவிப் பொறுக்குகிறார்கள். 2020-21இல் அமெரிக்காவில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது இந்த வழக்கத்துக்கு இன்னும் மவுசு கூடியது. (அப்போது பிரைமரும் சேர்ந்தே கடைகளில் இருந்து காணாமல் போனதால் கூடு மட்டும் கையில் இருந்தும் பலருக்குப் பயனில்லை. அது வேறு கதை.)

டம்ளர் வேலை செய்யும் விதம் எளிது. மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனமான எடை பொருத்தியிருப்பார்கள். அது சுற்றும்போது நிலைகொள்ளாமல் உதறும். குண்டான் ஸ்பிரிங்குகள் மேல் நிற்பதால் உள்ளே இருப்பதெல்லாம் மெதுவாகப் புரண்டு புரண்டு சுழலும். கூடுகளோடு உலர்ந்த துகள்களையும் கொட்டியிருப்பார்கள். ஒன்று, அக்ரூட் ஓட்டைப் பொடித்தது. இன்னொன்று, மக்காச்சோள முத்துகளை உதிர்த்த பிறகு மிஞ்சும் சக்கையைப் பொடித்தது. அக்ரூட் அழுக்கை வேகமாகச் சுரண்டும், சோளச் சக்கை மெருகு ஏற்றும். இதே பொருட்களை வளர்ப்புப் பிராணிகளுக்குப் படுக்கையாகவும் விற்கிறார்கள் என்பதால் சிக்கனக்காரர்கள் அந்தக் கடையில் போய் மூட்டையாக வாங்கிக்கொள்கிறார்கள். சின்ன டம்ளர்கள் 100 டாலருக்குள்ளேயே கிடைக்கும். செலவு குறைவு, வரவு அதிகம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, இதுவரைக்கும்.

சுத்தம் செய்வதே வீண் என்று சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் அது கட்டாயமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கரிமருந்து விட்டுப்போகும் எச்சம் காற்றின் ஈரத்தை இழுத்துப் பித்தளையை அரித்துவிடும். சுட்ட கையோடு தண்ணீரில் அலசாவிட்டால் கூடு போச்சு. பிற்பாடு புகையில்லா வெடிமருந்து வந்தது. ஆனால் அன்றைய பிரைமர்களில் பாதரசச் சேர்மமும் குளோரேட் உப்பும் இருந்தன. பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்க வைத்தது. குளோரேட் எரிந்து மிஞ்சிய உப்பு துப்பாக்கிக் குழலைத் துருப்பிடிக்க வைத்தது. இந்த இரண்டு தொல்லைக்கும் மாற்றாக 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ஒரு புது வகைப் பிரைமர் வந்தது. துருவும் இல்லை, நொறுங்கலும் இல்லை. பிறகு உலகம் முழுக்க அந்த வகையே பரவியது. அதன் முக்கியப் பொருள் லெட் ஸ்டிஃப்னேட். பெயரிலேயே இருக்கிறது, லெட் என்றால் ஈயம்.

ஆக, பித்தளையை அரிக்கும் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இன்றைய தோட்டாவில் மிஞ்சும் கரி கூட்டை ஒன்றும் செய்யாது. மறுபடி நிரப்பும் முன் கூட்டை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். அப்போது மண்ணோ மணலோ ஒட்டியிருந்தால் அச்சு கீறிப்போகும். கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் அழுக்கு போனால் போதும். முகம் பார்க்கிற அளவுக்கு மெருகு வேண்டியதில்லை. பளபளக்கும் தோட்டா குறி தவறாமல் பாயும் என்று இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களே சொல்வதில்லை. ஆசைக்குத்தான் செய்கிறார்கள். புல்லில் விழுந்தால் கண்ணில் படும் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ஆசைக்குச் செய்வது தப்பா என்றால் இல்லை. தப்பு தூசியில் இருக்கிறது.

பிரைமர் வெடித்ததும் அதிலிருக்கும் ஈயத்தில் ஒரு பகுதி குழல் வழியாக வெளியேறும். ஒரு பகுதி கூட்டின் உட்புறத்தில் மெல்லிய படிவமாகத் தங்கும். டம்ளரில் அக்ரூட் பொடி சுரண்டி எடுப்பது அந்தப் படிவத்தையும்தான். எடுத்தது எங்கே போகும்? எங்கும் போகாது. அந்தப் பொடியிலேயே கிடக்கும். புதிதாக வாங்கும்போது வெளிர் பழுப்பாக இருந்த பொடி சில தடவைகளில் சாம்பல் நிறமாக மாறுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தச் சாம்பல் நிறம் கரி மட்டும் இல்லை. ஓட்டம் முடிந்ததும் மூடியைத் திறந்து எல்லாவற்றையும் சல்லடையில் கொட்டிக் குலுக்குவார்கள். அப்போது கிளம்பும் புகை மாதிரித் தூசிதான் இந்த வேலையிலேயே மோசமான கட்டம். அந்தச் சல்லடை பல வீடுகளில் சமையலறையில் இருந்து போனது என்பதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும்.

ஒரு பிரைமரில் என்ன பெரிதாக ஈயம் இருந்துவிடப் போகிறது, சில மில்லிகிராம் தேறுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் ஈயத்தின் கணக்கு மில்லிகிராமில் நடப்பதில்லை. குழந்தைகளின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் அளவு வைத்திருக்கிறது. 1991இல் அது டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 2012இல் 5 ஆக்கினார்கள். 2021இல் 3.5க்கு இறக்கினார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை லிட்டர். பெருக்கிப் பார்த்தால் மொத்த ரத்தத்துக்கும் சேர்த்து 50 மைக்ரோகிராம் வருகிறது. ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு! உள்ளே போவதெல்லாம் அப்படியே ரத்தத்தில் தங்கிவிடாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு தடவைக்கு ஓரிரண்டு கூடு இல்லை, நூற்றுக்கணக்கில் போடுகிறார்கள். அதோடு, விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களின் உடலைவிடக் குழந்தைகளின் உடல் அதிகமாக உறிஞ்சும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை இந்த அளவுக்குக் கீழே பயமில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் சில. “முப்பது வருஷமாகச் செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்பது முதலாவது. பெரியவர்களுக்கு ரத்தத்தில் ஈயம் ஓரளவு ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது, பரிசோதனை செய்தால்தான் தெரியும். “மூடிய சுடுதளத்தில் இதைவிட அதிக ஈயம் மூக்கில் ஏறுகிறது, டம்ளரைப் போய்க் குறை சொல்வதா” என்பது இரண்டாவது. கொஞ்சம் வலுவான வாதம். சுடுபவருக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் வீட்டுக் குழந்தை சுடுதளத்துக்குப் போவதில்லையே... டம்ளர்தான் வீட்டுக்குள் இருக்கிறது, துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில், நிலவறையில், கராஜில். சுடுபவர் தன் விருப்பத்தோடு எடுத்துக்கொள்ளும் ஆபத்து ஒன்று. கேட்காமலே இன்னொருவர் தலையில் இறங்குவது வேறு. பொருளியலில் இதைப் புறச்செலவு என்று படிப்பார்கள். லாபம் ஒருவர் ஏட்டில், செலவு வேறொருவர் ரத்தத்தில்.

தூசியைக் குறைக்கக் கைவைத்தியங்களும் இருக்கின்றன. துணி உலர்த்தும் எந்திரத்தில் போடும் மெல்லிய தாளைக் கிழித்துப் பொடியோடு போட்டால் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். மினரல் ஸ்பிரிட் ஒரு மூடி ஊற்றினால் பறப்பது குறையும். வீட்டுக்கு வெளியே வைத்து ஓட்டலாம். எல்லாம் நல்லதுதான், ஒன்றுமே செய்யாததற்கு எவ்வளவோ மேல். ஆனால் சாம்பல் நிறப் பொடி என்னவோ அந்தக் குண்டானுக்குள்ளேயே இருக்கிறது, அடுத்த தடவை திறக்கும் வரை.

வேறு வழி இல்லாவிட்டால் இவ்வளவு சொல்லத் தேவையில்லை. இருக்கிறது. உருளும் பீப்பாயில் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், ஊசி போல நறுக்கிய துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகள் போட்டுச் சுழற்றுவது ஒரு முறை. தூசியே கிளம்பாது, ஈயம் தண்ணீரில் நிற்கும். பிரைமரை முதலிலேயே தட்டி எடுத்துவிட்டால் அது இருந்த குழிகூடச் சுத்தமாகும். குறை என்னவென்றால் கூடுகளை நன்றாக உலர்த்த வேண்டும், கழுவிய தண்ணீரைப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் ஊற்றக் கூடாது, கையுறை போட வேண்டும். எந்திரமே வேண்டாம் என்றால் வெந்நீரில் சிட்ரிக் அமிலம் கலந்து சில நிமிடம் ஊறவைத்து அலசி வெயிலில் காயவைத்தாலும் அழுக்கு போய்விடும். கண்ணாடி மாதிரி மின்னாது, ஆனால் வேலைக்குப் போதும். இதில் புதுமை ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற வேதியியல்தான். பித்தளையை அமிலத்தில் அதிக நேரம் விட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் வெளியே தெரியும் என்பதும் புளி போட்டு மறந்துவிட்டவர்களுக்குத் தெரிந்ததே. கூட்டிலும் அப்படி இளஞ்சிவப்பு தட்டினால் அதிகமாக ஊறிவிட்டது என்று அர்த்தம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் பக்கமே போகக் கூடாது. இதற்கு இந்தியாவிலேயே பழைய சாட்சி உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. பிறகு பார்த்தால் சுடாமலே கூடுகள் வெடித்துக் கிடந்தன. குதிரை மூத்திரத்தில் இருந்து எழுந்த அம்மோனியா, ஈரக் காற்று, தயாரிக்கும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. காரணம் 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. பருவமழைக் காலத்தில் வந்ததால் ஆங்கிலத்தில் பருவ விரிசல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் உலர் டம்ளரை விட மனமில்லாதவர்கள் பழைய பொடியை என்ன செய்கிறார்கள் என்பதையாவது பார்க்க வேண்டும். அக்ரூட் ஓடுதானே, மக்கிவிடும் என்று பூச்செடிக்கு அடியில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடு மக்கிவிடும். ஈயம் மக்காது. பையில் இறுக்கிக் கட்டி, அந்த ஊரில் பெயிண்ட், பேட்டரி போன்ற அபாயக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுக்க வேண்டும். போட்டிருந்த சட்டையைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.