கடைமடையிலிருந்து சில கேள்விகள்

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு நம் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்பவரைவிட, கடைமடை வயல் நனைந்ததா என்று கேட்பவரே விவசாயம் தெரிந்தவர். நகர நிர்வாகத்தையும் இப்படித்தான் அளக்க வேண்டும்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தலில் வளர்ச்சி பற்றி நிறையக் கேட்கப்போகிறோம். துறைமுகம், விரிவாக்கப்பட்ட விமான நிலையம், மின்வாகனத் தொழிற்சாலை என்று தூத்துக்குடியில் காட்டுவதற்கும் நிறைய இருக்கிறது. ‘தூத்துக்குடிக்கு யார் மேயரானால் நமக்கென்ன?’ என்று கிராமத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் படிக்கவும் நாம் கூலி வேலை தேடவும் அந்த நகரத்துக்குத்தான் பேருந்து ஏறுகிறோம். நகரம் பெருத்தால் பக்கத்து ஊராட்சிகள் அதோடு சேர்க்கப்படுகின்றன. சேர்ந்தபின் ஊரக வேலைத் திட்டம் இல்லை, கிராம சபை இல்லை, நமக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊராட்சித் தலைவர் பதவியும் இல்லை.

மேயர் வேட்பாளர் என்று ஒருவர் இன்று நம் தெருவுக்கு வந்து ஓட்டுக் கேட்பதில்லை. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் மேயருக்கு நேரடியாக வாக்களித்தார்கள். 2019-இல் வந்த அவசரச் சட்டத்துக்குப் பிறகு மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மேயராகப்போகிறவரின் திட்டம் என்ன என்பது வாக்காளருக்குத் தெரியாமலே தேர்தல் முடிந்துவிடுகிறது. ஆகவே மேயரிடம் கேட்க வேண்டியதை வார்டுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடமே கேட்டாக வேண்டும்.

சென்னையில் நடந்ததிலிருந்து நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அம்பேத்கரின் தோழர் ந. சிவராஜ் 1945-இல் மேயராக அமர்ந்த மாநகராட்சி அது. 2022-இல் சென்னை, தாம்பரம் மேயர் பதவிகள் பட்டியலினப் பெண்களுக்கும், ஆவடி மேயர் பதவி பட்டியலினப் பொதுப்பிரிவுக்கும் ஒதுக்கப்பட்டன. 28 வயதான ஆர். பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். நம் வீட்டுப் பெண் அந்த அங்கியை அணிந்தது போலவே மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் தவறில்லை.

2025 ஆகஸ்டில் அதே ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்ததை எதிர்த்த போராட்டம் அது. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள். மேயர் வென்ற வார்டும் திரு.வி.க. நகரில்தான். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைதுசெய்து அப்புறப்படுத்தியது.

இதற்காக ஒரு பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. மாநகராட்சியில் நிர்வாக அதிகாரம் அரசு அனுப்பும் ஆணையரிடம் இருக்கிறது. நிதிக்கும் பெரிய முடிவுகளுக்கும் மாநில அரசையே எதிர்பார்க்க வேண்டும். இட ஒதுக்கீடு நம்மை நாற்காலி வரை கொண்டுசேர்த்திருக்கிறது. அந்த நாற்காலிக்கு உரிய அதிகாரத்தைப் பெறுவது அடுத்த போராட்டம். ஆனாலும் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களோடு நின்று பேச எந்தச் சட்டமும் மேயரைத் தடுக்கவில்லை.

எனவே ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்ற தெருக்களுக்கு வடிகால் எப்போது வரும்? குப்பை அள்ளுபவர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தக் கூலியா? கழிவுநீர்க் குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படியும் இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறியது. இழப்பீடு தர வேண்டிய நிலையே வராதபடி இயந்திரம் வாங்குவீர்களா? எங்கள் ஊராட்சியை நகரத்தோடு சேர்க்கும் முன் கிராம சபையைக் கேட்பீர்களா?

தூத்துக்குடியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம சபை போல நகரங்களில் பகுதி சபை என்று ஒன்று 2022 முதல் இருக்கிறது. நீங்கள் இருக்கும் பகுதியில் அது கூடுகிறதா, எந்த இடத்தில் கூடுகிறது என்று விசாரியுங்கள். கூடினால் போங்கள். கூடவில்லையென்றால் ஏன் என்று மனு எழுதுங்கள். துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

தலைமடையில் தண்ணீர் ததும்புவதைப் படம் பிடித்துக் காட்டுவார்கள். கடைமடைக்கு வந்ததா என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.