குழந்தையின் முதுகும் மூன்று மாதத் தவணையும்

கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது முதுகின் அடிப்பகுதியில், நடுக்கோட்டில், ஒரு மயிர்க்கொத்தோ, மெத்தென்ற கட்டியோ, சிவந்த மறுவோ தென்பட்டால் "வளர வளர மறைந்துவிடும்" என்பதே எமது கிராமங்களில் வழமையான பேச்சு. சிலர் கிரகண தோஷம் என்பர். சிலர் தாயைக் குறை கூறுவர். குழந்தையின் கால்களுக்கு இந்தப் பேச்சே முதல் எதிரி என்பது எமது கருத்து.

மூளையிலிருந்து முள்ளந்தண்டின் உள்ளே இறங்கும் நரம்புத் தண்டையே முண்ணாண் என்கிறோம். கருவுற்று ஏறக்குறைய 28 நாட்களுக்குள் அது குழாயாக மூடிக்கொள்ள வேண்டும். தான் கருவுற்றிருப்பதைத் தாய் அறியுமுன்னரே இந்த வேலை முடிந்துவிடுகிறது. சரியாக மூடாத இடத்தைத் தோல் மறைத்துவிட்டால் மேலே தெரிவது ஒரு சிறு அடையாளம் மாத்திரமே. உள்ளே முண்ணாணின் நுனி அடியில் ஒட்டியிருக்கலாம். குறுங்கயிற்றில் கட்டிய கன்று போன்றது அது. பிள்ளை வளர முள்ளந்தண்டு நீளும். ஒட்டிய முண்ணாண் இழுபடும். ஓடியாடித் திரிந்த பிள்ளை தடக்கி விழத் தொடங்கும். ஒரு பாதம் சிறுத்து வளையும். சிறுநீர் அடக்கப் பழகிய பிள்ளை மீண்டும் பாயை நனைக்கும். அதற்காகப் பிள்ளையை அடிக்கும் பெற்றோரும் உண்டு. சத்திரசிகிச்சை பெரும்பாலும் மேலும் கெடாமல் தடுக்கும். இழந்ததை, விசேடமாகச் சிறுநீர்க் கட்டுப்பாட்டை, எப்போதும் மீட்டுத் தராது. ஆகவேதான் காலம் முக்கியமாகிறது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. பிறந்த குழந்தையின் முள்ளென்புகளின் பின்பக்கம் இன்னும் முற்றாக என்பாகாமல் குருத்தாகவே இருக்கும். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே ஒலி அலை ஸ்கான் அந்தக் குருத்தினூடாக முண்ணாணைக் காட்டிவிடும். ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை, கதிர்வீச்சும் இல்லை. முண்ணாண் இடுப்பின் முதலாம், இரண்டாம் முள்ளென்புகளின் மட்டத்தில் முடிகிறதா, அதற்குக் கீழே இறங்கியிருக்கிறதா, மூச்சோடும் நாடித் துடிப்போடும் அசைகிறதா என்பதை வைத்தியர் பார்ப்பார். முதல் மூன்று, நான்கு மாதங்களே இதற்கு நல்ல காலம். ஆறு மாதத்தின் பின் என்பு முற்றிவிட, வாசல் அடைபட்டுவிடும்.

அதன் பின்னர் எம்.ஆர்.ஐ. ஸ்கானே வழி. 1895 இல் றொன்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்றே என்பைக் காட்டும், முண்ணாணைக் காட்டாது. "எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை" என்றால் என்பில் ஒன்றும் தெரியவில்லை என்பதே பொருள். சி.ரி. ஸ்கானும் என்புக்கே சிறந்தது, கதிர்வீச்சும் கூட. எம்.ஆர்.ஐ. காந்தத்தாலும் வானொலி அலைகளாலும் வேலை செய்வதால் அந்தப் பயம் இல்லை. ஆனால் பிள்ளை அரை மணித்தியாலமோ அதற்கு மேலுமோ அசையாமல், பெருஞ் சத்தத்தின் நடுவே கிடக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இதற்காக மயக்கமருந்து தேவைப்படும். சில வாரக் குழந்தையைப் பால் கொடுத்துத் துணியால் சுற்றி உறங்க வைத்தே எடுத்துவிடலாம்.

எல்லா அடையாளத்துக்கும் பயப்படத் தேவையில்லை. மலவாசலிலிருந்து 2.5 சென்ரிமீற்றருக்குள், 5 மில்லிமீற்றரிலும் சிறிதாக, அடி தெரியும் ஒற்றைக் குழி பெரும்பாலும் தீங்கற்றது. அதைவிட மேலே உள்ள குழி, ஆழமான குழி, நீர் கசியும் குழி, மயிர், கட்டி, மறு என்பவற்றை மருத்துவமாதுவிடம் காட்டியே ஆகவேண்டும். நடந்த பிள்ளை திடீரென எழும்ப முடியாமலோ சிறுநீர் கழிக்க முடியாமலோ போனால் கிளினிக் நாளைப் பார்த்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நகையை அடகு வைத்துத் தனியாரிடம் முதலில் ஸ்கான் எடுத்துவிட்டுப் பின்னர் வைத்தியரைத் தேடுவது இப்போது பெருகிவரும் பழக்கம். இதை நாம் ஏற்கவில்லை. கால் பலவீனம் என்று காலை மாத்திரம் படம் பிடித்துக் காசு போனதுதான் மிச்சம். எந்த இடத்தை எந்த முறையில் பார்ப்பது என்று வைத்தியர் தீர்மானிக்கட்டும். அரசாங்க வைத்தியசாலையில் இவை இலவசம். தவணைக்குக் காத்திருக்க நேரும் என்பதும் உண்மை. ஆனால் மூன்று மாதக் குழந்தைக்கு ஐந்து மாதம் கழித்துத் தவணை கொடுத்தால் ஒலி அலை ஸ்கானின் வாசல் அடைபட்டுவிடும். துண்டை வாங்கிக்கொண்டு திரும்பாமல், வயதைச் சொல்லி முந்திய தவணை கேளுங்கள். கடிதத்தை ஏன் தருகிறோம் என்று இரண்டு வசனத்தில் சொல்ல உத்தியோகத்தர்களும் பழக வேண்டும். காரணம் தெரியாத கடிதத்துக்காக ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் எவரும் இழக்கமாட்டார்.

முன்னர் இத்தகைய குறையோடு குழந்தை பெற்ற தாய்மாருக்கு இன்னொரு செய்தி. கருத்தரிக்கு முன்பே போலிக் அமிலம் எடுத்தவர்களிடம் இக்குறை மீண்டும் வருவது 72 வீதம் குறைந்ததை பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆய்வு 1991 இல் காட்டியது. இவர்களுக்குரிய அளவு சாதாரண அளவிலும் கூடியது. வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

இடம்பெயர்ந்த எமக்கே உரிய இரண்டு விடயங்கள் உண்டு. எக்ஸ்றே படத்தால் கூரை ஓட்டையை அடைத்த வீடுகளையும் கண்டிருக்கிறோம்! படங்கள், அறிக்கைகள், குழந்தையின் பதிவேடு ஆகியவற்றைக் காணி உறுதியோடு சேர்த்து ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் நிலைமை மாறியிருக்கிறதா என்று வைத்தியருக்குத் தெரியும். அடுத்தது, எம்.ஆர்.ஐ. அறைக்குள் பிள்ளையோடு செல்பவர் பற்றியது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தாலும் எம்மவர் பலரின் உடலில் ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. காந்தம் இரும்பை இழுக்கும். அத்தகைய தாயோ தகப்பனோ அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லி, துணைக்கு வேறொருவரை அனுப்ப ஒழுங்கு செய்ய வேண்டும்.